பின்கதவுச் சிங்கம்

ஜூன் 9

இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு யூனியனில் கொடுத்தது. பாதி வருடம் வெறுமையாகவே போய்விட்டது. மகள் சம்மு பேசுகிற கோணல் பேச்சையெல்லாம் இதில் எழுதி வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் மறந்துவிடும்.

கருமலைத்துறை மேல்முகாமுக்குக் குடிவந்து நாலு நாள் ஆகிறது. "மோகனசுந்தரம், ஆபரேட்டர்" என்று பெயர்ப்பலகைகூட மாட்டிவிட்டார். ஷிப்டு விட்டு வீட்டுக்கு வந்தாலும் அவர் காதில் மின்நிலையத்து இரைச்சல்தான். நான் சொல்வதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. சம்மு பார்த்துவிட்டு, "ம்மா, சாமி பாலக் கொட்டித்தாங்க" என்றாள். இதுதான் முதல் குறிப்பு. வயது இரண்டரை. ரவும் றவும் வாயில் வராது, எல்லாம் யதான். டவும் பாதி நேரம் த ஆகிவிடும். கரடி கயடி, குரங்கு குயங்கு. தன்னை "நான்" என்று சொல்லவும் தெரியாது. "சம்முக்குப் பசி", "சம்மு தூங்க மாத்தா."

எங்களுடையது வரிசையில் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் புல்சரிவு. அதன் அடியில் தண்ணீர் போகும் சிமெண்ட் கால்வாய். கால்வாய் ஓரம் கம்பிவேலி புதிதாகப் போட்டிருக்கிறார்கள், பச்சைப் பெயிண்ட் மினுங்குகிறது. பின்கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அதுவும் புதிது. குழந்தையுள்ள வீட்டுக்கு ரொம்ப வசதி.

ஜூன் 14

சம்மு இன்று அவருடைய கம்பூட்ஸுக்குள் இறங்கி நின்றுகொண்டு வெளியே வரத் தெரியாமல், "ம்மா, சம்மு மயம் ஆயித்தா!" என்று கத்தினாள். மரம் ஆகிவிட்டாளாம். இலை எங்கே என்றேன். இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். பூட்ஸோடு தூக்கிக் கட்டிலில் போட்டேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

குக்கர் விசில் அடித்தால் நெற்றியில் கை வைத்துச் சல்யூட் அடிக்கிறாள். சமையல் முடிவதற்குள் ராணுவ முகாம் மாதிரி ஆகிவிடுகிறது.

முகாமில் வேறு குழந்தைகளே இல்லை. பள்ளிக்கூடம் பொள்ளாச்சியில் என்பதால் எல்லாரும் கீழேயே குடும்பத்தை வைத்திருக்கிறார்கள். பேச்சுத்துணைக்கு நாலாவது வீட்டுப் பேபியக்காதான். அவர்கள் வீட்டில் எருமை இருக்கிறது. பால் கொண்டுவந்து முன்வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவார். உள்ளே வாங்க என்றால் வேலையிருக்கு என்பார்.

ஜூன் 17

விடாத மழை. சம்முவின் ஜட்டிகளை இட்லிப் பானை மூடிமேல் விரித்துக் காயவைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 21

புது விளையாட்டு ஒன்று. சம்மு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினாள். நான் என்ன என்றேன். உள்ளேயிருந்து கோபம் வந்தது.

"என்னன்னு சொல்லக் கூதாது. யாயதுன்னு கேளு ம்மா."

"சரி சாமி. யாரது?"

"சிங்கம்."

அப்புறம் நான் கேட்க வேண்டியதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். சிங்கத்துக்கு என்ன வேண்டும்? தோசை. எத்தனை தோசை? நூறு. நூறு தோசைக்கு மாவில்லையே என்று நான் நீட்டிக்கொண்டே போக, உள்ளே ஒரே சிரிப்பு. கடைசியில் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி, "கதவத் தொயம்மா. நாந்தான்" என்றாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் இல்லை என்கிறார். இங்கே போனில் ஒன்றும் ஓடாது, இழுவை வண்டி நிற்கும் விஞ்ச் ஷெட்டு வரை போனால்தான் சிக்னல். எங்கே கற்றாளோ.

நாந்தான் என்கிறாள். மற்ற நேரமெல்லாம் இன்னும் சம்முதான்.

ஜூன் 25

தோசை சுடும்போது கேட்டேன். "சிங்கம் வெளையாட்டு யாரு சாமி சொல்லிக் குடுத்தாங்க?"

"அண்ணா."

"எந்த அண்ணா?"

பின்கதவைக் காட்டினாள். தோசைக்கரண்டியை வாங்கி, காட்டிய இடத்துக்கே ஒரு தோசையைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தாள்.

அவரிடம் சொன்னேன். "கொழந்தைக்கு ஒரு வெளையாட்டுத் தொணை வேணுமல்லோ, அதுவே ஒண்ணு உண்டாக்கிக்குது, உடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுந்துபோய்ப் பின்கதவின் மேல்தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜூலை 2

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

மத்தியானம் சம்முவை மடியில் வைத்து ரசம்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கன்னத்திலும் சோற்றை அடக்கிக்கொண்டு எலி மாதிரி விழித்தாள். நானும் எலி மாதிரி விழித்தேன். அப்போது பின்கதவுப் பக்கம் டக் டக் என்றது. கட்டையில் விரலால் தட்டுகிற மாதிரி.

யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். வெளியே ஒரு சிறுவன் குரல், "சிங்கம்" என்றது.

சம்மு சோற்றை விழுங்கிவிட்டு, "அண்ணா வந்தித்தான்" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே குரல், "தோச. நூறு." ஒரு சிரிப்பு. கொஞ்சம் தள்ளி, தாழ்ந்து, "கதவத் தொறம்மா. நாந்தான்."

திறந்தேன். மூடுபனி சமையலறைக்குள் வந்தது. புல் மடங்கியிருக்கவில்லை. படியில் ஈரக்கால் தடம் எதுவும் இல்லை.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. குளிர் அடித்ததால் கதவைச் சாத்தினேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். மீதிச் சாதத்தை முன்னறையில் வைத்து ஊட்டினேன்.

ஜூலை 3

பால் ஊற்ற வந்த பேபியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதலில் எருமைக்குக் காய்ச்சல் என்று பேச்சை மாற்றினார். நான் விடவில்லை.

"உங்க வீட்டுக்காரர் சொல்லலையா பிருந்தா? அவருக்குத் தெரியுமே."

எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தது ஜெயசித்ரா என்பவரின் குடும்பம். ஒரே பையன், மிதுன். மூன்றரை வயது. போன வருடம் மழைக்காலத்தில் பின்கதவு வழியாக இறங்கிப்போய்க் கால்வாயில் விழுந்துவிட்டான். வேலி, தாழ்ப்பாள் எல்லாம் அதற்கப்புறம் போட்டவை.

"இந்த வீட்டுக்கு யாருமே வரமாட்டேன்னுட்டாங்க. அதனாலதான் கேட்டதும் குடுத்தாங்க" என்றார். அந்தக் குரலைப் பற்றிச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்ததும் கேட்டேன்.

"சொன்னா நீ வந்திருப்பியா?" என்றார்.

"வந்திருக்க மாட்டனுங்க."

"அதான் சொல்லலை."

ஜூலை 4

பேசவில்லை. கொள்ளு ரசம் வைத்தேன்.

ஜூலை 8

சம்முவைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கணப்புக்கு விறகு எடுக்க அவர் பின்பக்கம் போய்விட்டு வந்து, மேல்தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டார். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சம்மு என் புடவையைத் தலையில் சுற்றிக்கொண்டு கல்யாணப்பெண் மாதிரி நடந்து காட்டினாள். "இரு சாமி, வரேன், இதை மட்டும் மடிச்சிட்டு" என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது புடவை மட்டும் கதவருகே கிடந்தது.

ஓடினேன். சரிவில் எதுவும் தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். கீழேயிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று என் மகளுடையது.

"யாயது?"

"சிங்கம்."

"சிங்கத்துக்கு என்ன வேணும்?"

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கை தோள்வரை கம்பிக்குள் போயிருந்தது. அந்தப் பக்கம் கால்வாய் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில் ஒரு பறவை. கன்னங்கரேல் என்று, ஆரஞ்சு அலகு, கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் தோல். மலை மைனா. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அலகு லேசாகத்தான் அசைந்தது.

"கதவத் தொறம்மா. நாந்தான்."

பறவைதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 9

பேபியக்கா முன்வாசலில் உட்கார்ந்து அழுதார். அந்த மைனா மிதுனுடையது. மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வந்து, மிட்டாய் என்று பெயர் வைத்துப் பின்படியில் கூண்டு மாட்டி வளர்த்திருக்கிறார்கள். அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தது. காலி பண்ணிக்கொண்டு போகிற அன்று ஜெயசித்ரா கூண்டைத் திறந்துவிட்டாராம். அது பறந்து போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் உண்டிவில் செய்யக் கவட்டை வெட்டிக்கொண்டு வந்தார். அதை வாங்கிக் கணப்பில் போட்டேன்.

"அது கூப்பிட்டுத்தான புள்ளை போச்சு?" என்று கத்தினார்.

"தாப்பாப் போடாததுனால போச்சுங்க" என்றேன். அவர் எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டார். கடைசியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லாம கூட்டியாந்தது தப்புத்தான்" என்றார்.

ஜூலை 10

சம்முவின் இடுப்பை என் முந்தானையோடு முடிந்துகொண்டு சமைத்தேன். நான் பசு, அவள் கன்று. ம்மே என்று கத்திக்கொண்டே கூட வந்தாள், அவளுக்கு ஒரே குஷி. குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை.

ஜூலை 12

மூன்று மணி வாக்கில் மூடுபனி இறங்கியதும் வந்துவிடுகிறது. தட்டுவதும் அதுதான், தொண்டையிலேயே அப்படி ஒரு சத்தம். சம்மு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்கிறாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று அதன் வாயில் வேறொரு குரல் வந்தது. ஒரு பெண்ணின் குரல். அடுப்படியிலிருந்து சொல்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இருடா, வரேன்."

பிறகு பையன், "நாந்தான்."

"இருடா, வரேன்."

"நாந்தான்."

எத்தனையோ தடவை. கடைசியில் பெண்குரல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும் நானும் இதைத்தான் சொல்கிறேன். இரு சாமி, வரேன். இன்று பகல் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்து பார்த்தேன்.

ஜூலை 16

ஜெயசித்ராவுக்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். ஆறிக்கொண்டிருப்பதை ஏன் கிளற வேண்டும் என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அது அவர்கள் பிள்ளையின் குரல். நான் ஒருத்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்த விதத்தில் நியாயம்?

பேபியக்காவிடம் நம்பர் வாங்கி, சம்முவைத் தூக்கிக்கொண்டு விஞ்ச் ஷெட்டுக்கு நடந்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். யாரென்று சொன்னேன். அந்த வீட்டில் இருக்கிறோம் என்றேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"பின்னாடி ஒரு மைனா வருதுங்க்கா" என்றேன்.

"இன்னும் பேசுதா?" என்றார்.

ஜூலை 20

காலை பஸ்ஸில் ஜெயசித்ரா தனியாக வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர் இருப்பார். ஒல்லி. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும் அடுப்பு மேடையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

சம்மு அவருடைய வாழைப்பழத்தைக் காதில் வைத்து, "அல்லோ, யாயு பேசயது?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். இன்னொரு பழத்தைத் தன் காதில் வைத்து, "நாந்தான் தோசக்கடையில இருந்து பேசறேன். எத்தன தோச வேணும் உங்களுக்கு?" என்றார். இருவரும் பழத்திலேயே கொஞ்ச நேரம் பேசினார்கள். பேசி முடித்துப் போனைத் தின்றுவிட்டார்கள்.

அதுவரை மைனா வரவில்லை. வராமலே போய்விடட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மூடுபனி இறங்கியது.

டக் டக்.

அவர் மணைப்பலகையை இழுத்துப் பின்கதவருகே போட்டு உட்கார்ந்தார். சம்முவை நான் அள்ளிக்கொண்டேன்.

"யாரது?" என்றார். சாதாரணமாக, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிற மாதிரி.

"சிங்கம்."

"சிங்கத்துக்கு என்ன வேணும்?"

"தோச."

விளையாட்டு முழுக்கப் போனது. எனக்குத் தெரியாத வரிகள்கூட இருந்தன. சட்னி காரம், சிங்கத்துக்கு மூக்கில் தண்ணீர். அவர் கேட்கக் கேட்க அது சொன்னது. பிறகு அந்தப் பெண்குரல், "இருடா, வரேன்" என்றது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல். இந்தப் பக்கம் அவர்.

"அதையும் கத்துக்கிச்சா" என்றார் மெதுவாக.

பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்குப் பால் அடுப்புல இருந்துச்சுங்க. தட்டுனான். இருடா வரேன்னேன். நானு எவ்வளவு நேரம் கெஞ்ச உடறனோ அவ்வளவு சிரிப்பான், அதான் எங்க வெளையாட்டே. நாந்தான் நாந்தான்னான். அதுவும் வெளையாட்டுன்னு நெனச்சேன். அப்பறம் சத்தம் நின்னு போச்சு. எங்கியோ ஒளிஞ்சுட்டான்னு நெனச்சனுங்க. பயங்காட்டலாம்னு, துண்டத் தலைல போட்டுட்டு, சிங்கமாட்ட உறுமிட்டுக் கதவத் தொறந்தேன்."

துண்டு இன்னும் இருக்கிற மாதிரி தலையைத் தடவிக்கொண்டார்.

எழுந்து, மேல்தாழ்ப்பாளை நீக்கி வெளியே போனார். பறவையைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரே கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவு தட்டப்பட்டது. இது பறவை இல்லை.

"கதவத் தொறம்மா" என்றார். "நாந்தான்."

என்ன சொல்ல வேண்டும், இதில் நான் யார் என்று தெரியவில்லை. சம்மு என் பிடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். யாரது என்று கேட்கவில்லை, தோசை எத்தனை என்று கேட்கவில்லை. நேராக ஓடி, இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்தாள்.

"தொயந்துட்தேன்!" என்றாள்.

ஜெயசித்ரா தலையெல்லாம் நனைந்து படியில் நின்றிருந்தார். சம்மு அவர் முகத்தையே பார்த்தாள். "சிங்கம் எங்க?"

"நாந்தான் சாமி சிங்கம்."

"வா. தோச இயிக்கு."

மாவு கொஞ்சம்தான் இருந்தது. மூன்று தோசை வந்தது. மூன்று பேரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து தின்றோம். அப்போதுதான் அவர் அழுதார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். சம்மு அவருக்குத் தோசையைக் கிள்ளி ஊட்டிவிட்டாள்.

மைனாவைப் பிடித்துக்கொண்டு போகிறீர்களா, என் வீட்டுக்காரரிடம் பிடித்துத் தரச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. அங்க கொண்டுபோனா நான் கதவுகிட்டயே உக்காந்துக்குவேன்" என்றார். பஸ் ஏறும்போது சம்முவைப் பார்த்துக் கையசைத்தார். கால்வாய்ப் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 29

அவருக்கு இரவு ஷிப்டு. சம்மு அவர் தூங்கும்போது காலுக்கு என் வளையல்களை மாட்டிவிட்டாள். அப்படியே எழுந்து டீ குடிக்கப் போனார்.

மைனா வரவில்லை. ஒன்பது நாளாகவே இல்லை. சம்முதான் தினமும் பின்கதவருகே நின்று "தொயந்துட்தேன்!" என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 11

நன்றாக இருக்கிறோம். வெயில் அடித்தது. துணி காய்ந்தது.

செப்டம்பர் 13

சம்முவுக்கு ர வந்துவிட்டது. எப்படி வந்தது என்றே தெரியவில்லை. போன வாரம் காய்ச்சலில் படுத்தாள், எழுந்தபோது "மரம்" என்றாள், "கரடி" என்றாள். அவர் இதற்குப் போய் லட்டு வாங்கி வந்தார். "நான்" என்றுகூடச் சொல்கிறாள். எனக்குத்தான் உள்ளே என்னவோ போல் இருந்தது. குயங்கு போய்விட்டது.

இன்று மத்தியானம் அவள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூடுபனி. ரொம்ப நாளைக்குப் பிறகு டக் டக் என்றது.

பையன் குரல் வந்தது. "கதவத் தொறம்மா. நாந்தான்."

அந்தப் பெண்குரல் வரும் என்று காத்திருந்தேன். இருடா, வரேன் என்று சொல்லும் என்று. அது வரவில்லை.

"தொயந்துட்தேன்!"

கால்வாய் வேலிப் பக்கமிருந்து, என் மகளின் குரல்.

குனிந்து அவள் உதட்டைப் பார்த்தேன். மூடியிருந்தது. மூக்கின் அருகே விரலை வைத்தேன். மூச்சு சூடாக வந்தது. வெளியே மறுபடி, "நாந்தான்" என்றான். உடனே, கொஞ்சமும் காக்க வைக்காமல், "தொயந்துட்தேன்!" பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவளை எழுப்பினேன். எழுப்பியிருக்கக் கூடாது. "தொறந்துட்டேன்னு சொல்லு சாமி" என்றேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தொறந்துட்டேன்" என்றாள். சுத்தமாக, பெரிய பிள்ளை மாதிரி.

"அப்புடியில்ல. முன்ன சொல்லுவியே, அது மாதிரி."

"எது மாதிரி?"

அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை கேட்டும் அவள் வாயில் அது வரவே இல்லை. வெளியே, தண்ணீருக்கு மேலே, அந்தக் குழந்தை சொல்லிக்கொண்டே இருந்தது.